‘பல்லைக் கடிச்சுக்கொண்டு படி’ என்று இனியும் சொல்லலாமா?

“மூன்று வருஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு படிச்சு முடி.” பல்கலைக்கழகத்தில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், விரிவுரையாளர் எல்லை மீறுகிறார் என்று பிள்ளை சொன்னால் எங்கட வீடுகளில் பெரும்பாலும் வரும் பதில் இது. படிப்புக் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் இந்த மௌனத்தால் லாபம் அடைவது தொந்தரவு செய்தவர்தான்.

பிரித்தானியாவின் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2019 இல் வெளியிட்ட அறிக்கையில், சிறுபான்மை இன மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இனரீதியான தொந்தரவைச் சந்தித்ததாகக் கூறியிருந்தனர். பலர் முறையிடவில்லை. முறைப்பாடு வராவிட்டால் நிர்வாகம் ‘இங்கே பிரச்சினையே இல்லை’ என்று இருந்துவிடும்.

“முறையிட்டால் பழிவாங்குவார்களே?” அப்படிப் பழிவாங்குவதே 2010 சமத்துவச் சட்டத்தின்படி சட்டவிரோதம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: முறையிடுவது விசா நிபந்தனையை மீறும் செயல் அல்ல. இங்கிலாந்தில் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, எங்கே, எப்படி முறையிடுவது, என்ன உதவி கிடைக்கும் என்பதைப் பல்கலைக்கழகம் ஒரே இடத்தில் வெளிப்படையாகத் தரவேண்டும். நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டு மாணவரின் வாயைக் கட்டவும் முடியாது.

முதல் வேலை, திகதி, இடம், பார்த்தவர்கள், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வைப்பது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மாணவர் ஒன்றியத்தின் ஆலோசகரிடம் கதையுங்கள். பெயர் சொல்லாமலும் பல இடங்களில் தெரிவிக்கலாம், ஆனால் அதை வைத்து ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது கடினம். பல்கலைக்கழகத்தின் இறுதி முடிவு திருப்தி தராவிட்டால், அந்த முடிவுக் கடிதம் வந்து 12 மாதங்களுக்குள் இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்கள் சுயாதீன தீர்ப்பாளர் அலுவலகத்திடம் கட்டணமின்றிப் போகலாம். நீதிமன்றத்துக்கான காலம் பொதுவாக 6 மாதம், அதுவும் சம்பவம் நடந்த நாளிலிருந்து. பல்கலைக்கழகம் பதில் தரட்டும் என்று காத்திருந்தால் அது கடந்துவிடும்.

செய்தவர் தமிழர் என்றால் எங்கட சனம் இன்னும் அமைதியாகிவிடும். “எந்த ஊர், யாருடைய பிள்ளை?” என்று கேட்டுச் சாதியைத் துருவுவதும் பாகுபாடுதான். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 இல் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. அங்கே எழுத்தில் வந்துவிட்ட ஒன்றை, ‘எங்கட ஆக்களைக் காட்டிக்கொடுக்காதே’ என்று நாங்கள் மூடி மறைப்பது வெட்கம்.

முறையிடுவதா இல்லையா என்ற முடிவு பிள்ளையுடையது. பெற்றோர் செய்யவேண்டியது, “நீ என்ன செய்தனீ?” என்று குறுக்கு விசாரணை நடத்தாமல், “சொல்லு, நாங்கள் உன்னோட நிற்கிறம்” என்று சொல்வது. பட்டமளிப்பு விழாப் படத்தைச் சுவரில் மாட்ட ஆசைப்படும் நாங்கள், அதுவரை பிள்ளை எதைத் தாங்கியது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.