சாட்சியின் ஒரு நாள் கூலி

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குச் சாட்சிச் சம்மன் வந்தால் வீட்டார் முதலில் பார்ப்பது தேதியைத்தான். அன்றைக்கு வேலை போயிற்று என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. சம்மனில் காலை பத்தரை மணி என்று இருக்கும். சிவகாசிக்கோ சாத்தூருக்கோ, செஷன்ஸ் வழக்கென்றால் மாவட்ட நீதிமன்றம் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ விடிந்ததும் பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தவரின் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்பது கூப்பிட வேண்டிய டவாலிக்கே தெரியாது. மதியத்துக்கு மேல் ஒரு ஜூனியர் வந்து, எதிரி தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பார். வழக்கு வாய்தாவுக்குப் போய்விடும். கோர்ட் ஏட்டு அடுத்த தேதியைச் சொல்லி அனுப்புவார். அந்தத் தேதியிலும் இதே கதை நடக்கலாம். இதற்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. சாட்சி சொல்ல வந்தவர் கூண்டேறாமல் திருப்பி அனுப்பப்பட்டால், அவருடைய அன்றைய கூலியையும் பஸ் செலவையும் தள்ளிவைப்புக்குக் காரணமான தரப்பிடம் வசூலித்து, அன்று மாலைக்குள் அவர் கையில் நீதிமன்றம் கொடுக்க வேண்டும்.

நீதிக்காகக் குடிமக்களின் நாளை அரசு எடுத்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அது பெரும்பாலும் ஜூரிப் பணியாக வருகிறது. நம்மிடமும் ஜூரி இருந்தது. 1944-ல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது சென்னை உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த ஜூரியின் பெரும்பான்மைதான். பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் இருவரும் விடுதலையானார்கள். 1958-ல் சட்ட ஆணையம் ஜூரி முறையே வேண்டாம் என்றது. மறு ஆண்டு பம்பாயில் நானாவதி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரி விடுவித்த கொலையாளியை 1960-ல் உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. இலங்கையில் அது இன்னும் இருக்கிறது. தமிழர்கள் கொல்லப்பட்ட குமாரபுரம் படுகொலை வழக்கில் 2016-ல் சிங்கள ஜூரி ராணுவத்தினரை விடுவித்ததைப் பார்த்த பிறகு, அதை இங்கே திரும்பக் கொண்டுவரச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் ஜூரி போனதோடு குடிமக்களின் பாரம் போய்விடவில்லை. அது முழுவதும் சாட்சியின் தலையில் இறங்கியது. ஜூரியை வைத்திருக்கும் நாடுகளோ காத்திருப்பைக் குறைக்க வழி தேடின. அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றில் 1970-களிலிருந்தே ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு என்ற முறை பரவியது: வந்த நாளில் எந்த வழக்குக்கும் தேர்வாகாதவர் மாலையோடு விடுபட்டுவிடுவார். மறுநாள் வர வேண்டுமா என்பதை முந்தின மாலையே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜூரர் வழக்கில் அமர்ந்தாலும் அமராவிட்டாலும், வந்த நாளுக்கு 50 டாலர் உண்டு. இங்கிலாந்தில் இழந்த ஊதியத்தை ஓர் உச்சவரம்புக்குள் கேட்டு வாங்கலாம். காத்திருப்பவரின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று அந்த நாடுகள் ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது.

நம் நாட்டில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. சுவரண் சிங் வழக்கில் 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சாட்சிகளின் நிலையை எண்ணி வருந்தியது. நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வழக்கு தள்ளிவைக்கப்பட்டதை அறிகிறார்கள், உட்கார இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை என்று நீதிபதிகளே எழுதினார்கள். மறு ஆண்டு சம்பு நாத் சிங் வழக்கில், வந்திருக்கும் சாட்சியை விசாரிக்காமல் அனுப்புவதை அதே நீதிமன்றம் கண்டித்தது. விசாரணை தொடங்கினால் நாள்தோறும் நடத்தி முடிக்க வேண்டும் என்றது. சாட்சிகளுக்கு உட்கார இடமும் உடனடியாகப் படியும் வேண்டும் என்று 2003-ல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழுவும் சொன்னது. 1973-ன் பழைய சட்டத்தின் 309-வது பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 346-வது பிரிவாக நிற்கிறது. சாட்சி வந்திருக்கும்போது தனிக்காரணம் எழுதிவைக்காமல் தள்ளிவைக்கக் கூடாது. வக்கீலுக்கு வேறு கோர்ட்டில் வேலை என்பது காரணமாகாது. தள்ளிவைப்பதானால் செலவுத்தொகை கட்டச் சொல்லலாம். 350-வது பிரிவின்படி சாட்சிக்கு அரசே செலவு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இத்தனையும் புத்தகத்தில் இருக்கின்றன. சிக்கல் இந்த 'லாம்' என்ற விகுதியில்தான். சாட்சி வராமல் போனால் சுருக்க விசாரணையில் 500 ரூபாய் வரை அபராதம் போட 389-வது பிரிவு இருக்கிறது, பிடிவாரண்டும் போகலாம். வந்து காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியவருக்கு உரிமை என்று சொல்லிக் கேட்க ஒரு பிரிவும் இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இந்த ஓரவஞ்சனை உயிரைத் தொடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் உள்ள மாவட்டம் இது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் இருபது பேரளவில் போனார்கள். அவற்றுக்கு முன்னும் பின்னும், இடையிலும், செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்துபோன விபத்துகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் வழக்கு உண்டு. அந்த வழக்குகளில் சாட்சிகள் யார்? ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அன்றைக்கு எவ்வளவு மருந்து கிடந்தது, ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததா, மரத்தடியில் வைத்து வேலை வாங்கினார்களா என்பதைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். அவர்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியும் கிடையாது. அவர்கள் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டுமோ அவரிடமோ, அவரைப்போன்ற இன்னொருவரிடமோதான் மறுநாளும் வேலை கேட்டு நிற்க வேண்டும். இப்படிப்பட்டவரை ஒரு முறை வரவழைத்து விசாரித்து முடித்தால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார். ஐந்து முறை அலையவிட்டால் ஐந்து நாள் கூலி போகும். அந்த ஐந்து முறையும் எதிரி தரப்பு ஆட்கள் அதே வராந்தாவில் பேச வருவார்கள். ஆறாம் முறை அவர் கூண்டேறும்போது, எனக்கு ஒன்றும் தெரியாது, போலீஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டது என்று சொன்னால் அரசு வக்கீல் எழுந்து அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்வார். பிறழ்ந்த பழி அவர் தலையில் விழுகிறது. அவரைப் பிறழ வைத்த அந்த ஐந்து வாய்தாக்களின் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

அதே வராந்தாவில் நிற்கும் மற்றவர்களையும் பார்க்க வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வருகிறார். அவருக்கு அது பணி நாள். விசாரணை அதிகாரி வருகிறார். பணி நாளோடு பயணப்படியும் உண்டு. மகஜரில் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலருக்கும் சம்பளம் நிற்பதில்லை. வக்கீலுக்குக் கட்சிக்காரர் தருகிறார். அந்த வளாகத்தில் தன் சொந்தக் காசைப் போட்டு நீதிக்கு உதவ வருபவர், சம்பவத்தைப் பார்த்துவிட்டார் என்ற ஒரே குற்றத்துக்காக வந்த கூலிக்காரர் மட்டும்தான்.

சாட்சிக்குப் பணம் கொடுத்தால் சாட்சியமே கெட்டுப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு சொல்கிறாயா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்களே என்கிறார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இப்போது என்ன நடக்கிறது? காலையில் கிளம்பி வந்தவருக்கு மதியச் சாப்பாடும் திரும்பிப் போக பஸ் காசும் யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கிறவர் போலீஸாக இருந்தாலும் சரி, கட்சிக்காரராக இருந்தாலும் சரி, அவருக்கு அந்த வழக்கில் ஓர் அக்கறை இருக்கும். பதிவேட்டில் எழுதி, ரசீது வாங்கி, எந்தத் தரப்புச் சாட்சி என்று பாராமல் நீதிமன்றமே கொடுக்கும் தொகை இந்தக் கடன்பாட்டிலிருந்து சாட்சியை விடுவிக்கும். தவிர, நாம் கேட்பது சொன்ன சாட்சியத்துக்கான கூலி அல்லவே. சொல்ல விடாமல் திருப்பி அனுப்பிய நாளுக்கான ஈடு அது.

நீதிபதிகள் போதாது என்பது கனமான ஆட்சேபம். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987-ல். இன்றும் 20-ஐ ஒட்டியே நிற்கிறோம். மாவட்ட நீதிமன்றங்களில் நாடு முழுக்க நான்கு கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கியிருக்கின்றன. ஒரு நாளைக்கு இத்தனை கேஸ் கட்டுகள் மேசைக்கு வந்தால் நீதிபதி என்ன செய்வார்? உண்மைதான். ஆனால் அன்று விசாரிக்க முடியாது என்று முன்கூட்டியே தெரிந்த வழக்குக்கும் சாட்சியை வரவழைக்க வேண்டும் என்று ஆள் பற்றாக்குறை கட்டாயப்படுத்தவில்லை. காலையில் பாதிப் பேர், மதியம் பாதிப் பேர் என்று நேரம் பிரித்துச் சம்மன் அனுப்ப கூடுதல் நீதிபதி தேவையில்லை. வழக்கின் அடுத்த தேதியை வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் குறுஞ்செய்தியில் சொல்லும் வசதி மின்நீதிமன்றத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதே செய்தியைச் சாட்சிக்கும் முந்தின மாலையே அனுப்பினால், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவர் ஏறவே வேண்டாம். புதிய சட்டம் மின்னணு முறையில் சம்மன் அனுப்ப அனுமதிக்கிறது. வா என்று சொல்லப் பயன்படும் போன், வராதே என்று சொல்லவும் பயன்படலாம்.

வக்கீல்கள் தரப்பில் வேறு கவலை எழும். வாய்தாவுக்கு விலை வைத்தால் எதிரியின் வாதாடும் உரிமை பாதிக்கப்படும், ஏழை எதிரி எங்கே போவார் என்று கேட்பார்கள். சட்ட உதவி மையம் மூலம் வாதாடுகிறவருக்கு விலக்கு கொடுத்து, அந்தத் தொகையை 350-வது பிரிவின்படி அரசே ஏற்கட்டும். வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்றாலும் அப்படியே. அரசு வக்கீல் தயாராக இல்லாமல் தள்ளிப்போனாலும் அரசே கட்டட்டும். அதுவே அவர்களைத் தயாராக வர வைக்கும். மிச்சமிருப்பது, ஒரே நாளில் மூன்று கோர்ட்டில் வழக்கை வாங்கிக்கொண்டு எதற்கும் வராத வசதியான தாமதம். அதற்கு விலை வைப்பதில் எந்த உரிமையும் கெடாது. காணொளியில் சாட்சி சொல்ல வைத்தால் தீர்ந்துவிடுமே என்போருக்கும் ஒரு வார்த்தை: டாக்டருக்கும் தடயவியல் நிபுணருக்கும் அது நல்ல வழி. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கேமரா ஊர்க் காவல் நிலையத்தில் இருக்குமானால், நீதிபதியின் முன்னால் நிற்பதற்கும் ஏட்டின் முன்னால் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் போய்விடும்.

இதைத் தொடங்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். இந்த மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. வெடிவிபத்து வழக்குகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு ஓர் ஆண்டு நடத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு நீதிமன்றமும் எத்தனை வழக்கை முடித்தது என்று மாதம்தோறும் கணக்கு அனுப்புகிறது. அந்தப் படிவத்தில், வந்தும் விசாரிக்கப்படாமல் திரும்பிய சாட்சிகள் எத்தனை பேர், யார் கேட்ட வாய்தாவால், அவர்களுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்று இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்கட்டும். நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்றைச் சாட்சிகள் நிற்கும் அந்த வராந்தாச் சுவரிலேயே ஒட்டட்டும்.