வரைபடம் யாருடையது?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ம் வருஷம் ஏற்பட்டது. அக்காலத்தில் புது உறுப்பு ஒன்று செய்ய வேண்டுமானால், டிராப்ட்ஸ்மேன் பலகைமுன் நின்று பென்சிலால் படம் போடுவார். அதன் நீலப் பிரதி லேத்துக்காரர் கைக்குப் போகும். துவாரம் ஒரு நூல் தள்ளியிருந்தால், இரும்பை வெட்டிய பிறகே தெரியவரும். இன்று உறுப்பு முழுவதும் கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணமாக உருவாகிறது. ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த படங்களெல்லாம் தாமே மாறுகின்றன. இரண்டு உறுப்புகள் ஒன்றோடொன்று இடிக்குமா, பாரம் ஏறினால் எவ்விடம் விரிசல் காணும் என்பவற்றை இரும்பைத் தொடுமுன்பே கணிக்கலாம். அதே படத்தைக் கொண்டே சி.என்.சி. இயந்திரமும் வெட்டுகிறது. ஓர் அச்சு வீணானால் மாத லாபமே போய்விடும் சிறு முதலாளிக்கு இது அற்ப அநுகூலமல்ல.

இதை மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆயினும் அந்தப் படம் யாருடையது? பேட்டையின் பட்டறைகளில் பல, பெரிய கம்பெனிகள் அனுப்பும் படத்தை அப்படியே செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நம்பியே ஜீவிக்கின்றன.

ஆவடியைப் பாருங்கள். 1965-ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியின் படத்தைக் கொண்டு செய்தது. அர்ஜுன் டாங்கியோ ஆவடியிலேயே யோசித்து வரையப்பட்டது. 1974-ல் அனுமதி பெற்ற அத்திட்டம் முப்பது ஆண்டு இழுத்தது, எஞ்சினும் ஜெர்மனியிலிருந்து வந்தது, பரிகசித்தோர் பலர். எனினும் பல திருத்தங்களுடன் கூடிய 118 மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 2021-ல் உத்தரவு பிறந்ததே, அத்திருத்தங்களைச் செய்ய வல்லவர்கள் ஆவடியிலேயே இருந்தார்கள்.

படம் போடும் மென்பொருளும் பிறர் சொத்தே. கேட்டியா, சாலிட்வொர்க்ஸ் இரண்டும் பிரெஞ்சு டஸோ கம்பெனியுடையவை. ஆட்டோகேட் அமெரிக்க ஆட்டோடெஸ்க்கினுடையது. 2016 முதல் ஆட்டோடெஸ்க் அதைச் சாசுவதமாக விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கே கொடுத்து வருகிறது. சட்டம் படித்த நமக்கு வாடகைக்காரனுக்கும் சொந்தக்காரனுக்கும் உள்ள பேதம் தெரியும். சந்தா நின்றால், பட்டறைக்காரர் தாம் வரைந்த படத்தைத் தாமே திருத்த இயலாமற் போகலாம்.

மாநில சர்க்கார் 2022-ல் டஸோவுடன் கூடி டைடல் பார்க்கில் டான்கேம் நிலையத்தை ஏற்படுத்தியது. நல்லதே. ஆனால் தரமணி எங்கே, அம்பத்தூர் எங்கே! பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவர் ஷிப்டை விட்டு அவ்வளவு தூரம் போவாரா? விலையின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருள் 2024-ல் 1.0 பதிப்பை எட்டிவிட்டது. பெரிய வேலைகளுக்கு அது போதாதென்பர். பிராக்கெட்டும் ஜிக்கும் வரையப் போதும். அம்பத்தூர் அரசினர் ஐ.டி.ஐ.யில் மாலை வேளையில் அதைத் தமிழில் கற்பிக்கச் சர்க்காருக்கு என்ன தடை? பேட்டை முதலாளிகளின் சங்கம் முதலில் இதற்கு மனுச் செய்யட்டும்.