இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கொக்கிளாய்க் களப்பில் இறால் எடுக்கும் நம் வியாபாரிகளுக்கு ஒரு கணக்குத் தெரியும். ஐஸ் வரப் பிந்தினால் சரக்கு நட்டம். வைத்தியசாலையிலும் அதே கணக்குத்தான். அங்கே போவது உயிர்.

அண்மையில் எனது லொறியில் வேலை செய்பவர் நெஞ்சுவலியால் சாய்ந்துவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் எடுத்த இரத்தம் ஆய்வுகூடம் போய், முடிவு வரும்வரை காத்திருந்தோம். டாக்டரும் அதற்காகவே காத்திருந்தார். கட்டிலருகிலேயே இரத்தம் பார்க்கும் கையடக்க இயந்திரங்கள் இன்று உள்ளன. மாரடைப்பைக் காட்டும் ட்ரொபோனின் முடிவு ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் கிடைக்கும்.

"நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுப்போம்" என்றார் நண்பர் ஒருவர். நல்ல எண்ணம். ஆனால் காசு எடுக்குமுன் வியாபாரியாக யோசிப்போம்.

பிரித்தானியாவில் ஆறு வைத்தியசாலைகளில் நெஞ்சுவலிக்காரரிடம் இதைப் பரீட்சித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். நாலு மணி நேரத்துக்குள் பத்திரமாக வீடு போக முடிந்தவர்கள் 100க்கு 32 பேர். பழைய முறையில் 13 பேர். ஆனால் செலவு குறையவில்லை. பலனும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. காரணம் எளிது. முடிவு சீக்கிரம் வந்தாலும் அதைப் பார்க்க டாக்டரும், படுக்கக் கட்டிலும் வேண்டுமே!

இயந்திரம் ஒருமுறைச் செலவு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் போடும் கார்ட்ரிட்ஜ் தீராத செலவு. பலவற்றைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும், காலாவதித் திகதியும் உண்டு.

காசே தேவைப்படாத பரிசோதனையும் உண்டு. புடையன் கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விஷம் இரத்தத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் உறைந்துவிட்டால் ஆபத்தில்லை என்று விட முடியாது, திரும்பவும் பார்க்க வேண்டும். குழாய் பிழையென்றால் முடிவும் பிழைக்கும். முத்திரை குத்தாத தராசை நாம் நம்புவோமா?

ஆகவே அன்பளிப்புச் செய்யுமுன் வைத்தியசாலையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் யார் வாங்குவது? இரவில் யார் இயக்குவது? சரி பார்ப்பது யார்? பதில் இல்லையென்றால், "உங்களுக்கு உண்மையில் எது குறை?" என்று கேட்டு அதைக் கொடுங்கள். அது ஒரு குளிரூட்டியாகவும் இருக்கலாம். திறப்பு விழாப் படத்தோடு மூலையில் தூசி பிடிக்கும் இயந்திரத்தால் எவருடைய காத்திருப்பும் குறையாது.