குருட்டுக் கொக்கும் நானூறு பேரும்

போன மாதம் எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸப் குழுவில் ஒரு போஸ்டர் வந்து விழுந்தது. முள்கம்பி மேல் பச்சைப் பஞ்சுருட்டான், அலகில் ஒரு தட்டான். பின்னணி வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கிறது. லென்ஸ் மட்டுமே சில லட்சம் இருக்கும். ‘பறவைகளை நேசிப்பவரா நீங்கள்? எங்களோடு இணையுங்கள்’ என்று மேலே, கியூஆர் கோடு கீழே. நிர்வாகி ஒரு வரி சேர்த்திருந்தார்: “எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வைங்க. பொங்கல் கணக்கெடுப்புக்குள்ள ஐநூறு பேர் ஆயிடணும்.” கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. என்னுடையதும் அதில் ஒன்று.

நானூறு சொச்சம் பேர் இருக்கும் குழு. பேசுவது பதினைந்து பேர். நான் மென்பொருள் வேலை செய்பவன், ஒரு எண்ணைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தோண்டுகிற வியாதி உண்டு. வாட்ஸப்பில் குழு விவரத்தின் அடியில் கடந்த 60 நாளில் வெளியேறியவர்களின் பட்டியல் இருக்கும். திறந்து பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தில் சேர்ந்தவர்களும் கிளம்பியவர்களும் ஏறக்குறைய சமம். ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு, குழாயை இன்னும் பெரிசாகத் திறந்துவிடுங்கள் என்று போஸ்டர் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

புது ஆள் வருவதே இல்லை என்று பறவைக் குழுக்காரர்கள் புலம்புவதை இனிமேல் நான் நம்பப்போவதில்லை. வருகிறார்கள். நாம்தான் அனுப்பிவைக்கிறோம். எப்படி அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன், இதில் எனக்கும் பங்கு உண்டு.

ஜூன் மாதம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். சேர்ந்த மறுநாள் காலை ஒரு படம் போட்டார். சாதாரண போனில் எடுத்தது. குறுவை நடவு முடிந்த வயல், தூரத்தில் வரப்பில் ஒரு பறவை, முதுகு முழுக்க அடர் கத்தரிச் சிவப்பு. “அண்ணா இது என்ன பறவை? கொக்கு மாதிரியே இருக்கு, ஆனா கலர் வேற. எங்க வயல்ல நாலு நிக்குது.”

மூத்த உறுப்பினர் ஒருவர் பதில் போட்டார்: “மடையான்கூடத் தெரியாமலா பறவை பாக்க வந்தீங்க சிஸ்டர்? முதல்ல ஃபீல்டு கைடு வாங்குங்க.” கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் ஸ்டிக்கர். அதற்கு ஏழெட்டுப் பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள். நானும் போட்டேன். அன்றைக்கு ஸ்டாண்டப் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன், போரடித்தது, விரல் தானாகப் போனது. சாக்கு சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கிறது என்று சொல்கிறேன். யாரும் வில்லன் வேடம் கட்டிக்கொண்டு வருவதில்லை.

மதியத்துக்குள் அவர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

அவர் கேட்ட கேள்வியை இப்போது திரும்பப் படியுங்கள். மடையான் வருடத்தின் பெரும்பகுதி மண்ணும் பழுப்புமாக, கழுத்தில் கோடுகோடாக, வரப்போடு வரப்பாக நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில்தான் முதுகு அப்படிச் சிவந்துபோகும். முதல்முறை பார்ப்பவருக்கு வேறு பறவை என்றுதான் தோன்றும், தோன்ற வேண்டும். கொக்கின் உருவம், நிறம் மட்டும் வேறு, எத்தனை நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று நான்கு தகவலையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் எனக்கு வரும் பக் ரிப்போர்ட்டுகள் பாதிக்கு மேல் இந்த லட்சணத்தில்கூட இருக்காது. எங்கள் குழுவில் அந்த மாதம் வந்ததிலேயே கவனமான பதிவு அதுதான். நாங்கள் சிரித்தோம்.

இது ஏதோ மரியாதை, பண்பாடு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். இந்தப் பொழுதுபோக்கு எதற்காவது உதவுகிறது என்றால் அது அவரைப் போன்றவர்களால்தான். கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

நம்மில் பலரும் பட்டியல் ஏற்றுகிற இ-பேர்ட், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் ஆடுபான் அமைப்போடு சேர்ந்து தொடங்கியது. அதில் பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? ‘ஆம்’ என்றால் அது முழுப்பட்டியல். அந்த ‘ஆம்’தான் தங்கம். ஒருவர் பார்த்ததை எல்லாம் குறித்திருக்கிறார் என்றால், குறிக்காததற்கும் அர்த்தம் வந்துவிடுகிறது. நூறு முழுப்பட்டியலில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று வருடா வருடம் பார்த்தால், அந்தப் பறவை கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியும்.

2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை இந்த வழியில்தான் உருவானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் ஏற்றிய மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகள், 942 இனங்கள். பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது, மயில் பெருகுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய 2020 அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றி ஒன்று சொன்னது: பெருநகரங்களில் குறைந்திருந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தால் கால் நூற்றாண்டாகப் பெரிய மாற்றம் இல்லை. ‘செல்போன் டவரால் குருவி இனமே அழிந்துவிட்டது’ என்று உங்கள் சித்தப்பா இப்போதும் ஃபார்வர்ட் அனுப்பிக்கொண்டிருப்பார், அது தனிக்கதை.

இதையெல்லாம் பார்த்துப் பதிந்தது யார்? காக்காய், மைனா, சிட்டுக்குருவி, மடையானைக்கூட ஒவ்வொன்றாகக் குறித்தவர்கள். பள்ளிக்கரணையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பேர் ஒரே நாரையை ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு வருகிறோம். பத்துப் பட்டியலிலும் ஏறக்குறைய அதே பறவைகள். மன்னார்குடிப் பக்கத்து வயலிலிருந்து வாரம் ஒரு பட்டியல் வந்தால் அது நம் பத்தைவிடப் பெறுமானம் உள்ளது, ஏனென்றால் அங்கிருந்து வேறு யாரும் அனுப்புவதில்லை. அப்படி அனுப்பியிருக்கக்கூடிய ஒருவரை ஒரு ஸ்டிக்கர் செலவில் துரத்தினோம்.

துரத்துவதற்கு ஸ்டிக்கர்கூடத் தேவையில்லை. மொழியே போதும். குழுவில் ஒரு நாள் பேச்சை எடுத்துப் பாருங்கள். ‘லைஃபர்’ கிடைத்தது, ‘டிப்’ ஆயிடுச்சு, ‘ஜிஸ்’ பார்த்தே சொல்லிட்டேன். பறவைப் பெயருக்கோ ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும். யாராவது ‘ஆறுமணிக்குருவி’ என்று எழுதினால் “அது என்னங்க, சரியான பேரைச் சொல்லுங்க” என்று ஒருவர் கிளம்பிவருவார். சரியான பெயரா? காலையிலும் மாலையிலும் ஆறுமணி வாக்கில் கூவுகிறது என்பதைப் பேரிலேயே வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘இந்தியன் பிட்டா’ என்கிறோம், அதில் அந்தப் பறவையைப் பற்றி என்ன தெரிகிறது? மடையானுக்கு ‘குருட்டுக் கொக்கு’ என்று ஒரு பெயர் உண்டு. பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்கிறதே, கண் தெரியாது போல என்று யாரோ வரப்பில் நின்று யோசித்து வைத்த பெயர். அப்படிப் பெயர் வைத்தவர் நம் குழுவுக்கு வந்தால் இரண்டாம் நாளே கிளம்பியிருப்பார்.

அடுத்தது இ-பேர்டின் கடிதம். வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ யாராவது பதிந்தால், தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவர் விவரம் கேட்டு எழுதுவார். மிகவும் தேவையான வேலை. அது இல்லாமல் மேலே சொன்ன அறிக்கை எதுவும் இல்லை. ஆனால் புதிதாக வந்தவருக்கு அதுதான் முதல் கடிதம். ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றுதான் அவர் காதில் விழுகிறது. பதிவு அழியாது, உங்கள் பட்டியலில் அப்படியே இருக்கும், பொது வரைபடத்தில் மட்டும் காட்டாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பேர் ஓட மாட்டார்கள். பெயர் தெரியாத பறவையை விட்டுவிட்டாலும் பட்டியல் முழுப்பட்டியல்தான், எண்ணத் தெரியவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ போடலாம் என்பதையும் நாம் சொல்வதில்லை. நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமே கற்றுக்கொண்டோம், அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். ராகிங்குக்குச் சொல்லும் அதே நியாயம்.

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்போரின் எண்ணிக்கை 2007 வரை ஏறி, பிறகு சரியத் தொடங்கியது. ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 2013இல் வெளியானது. நல்ல எண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் தானியங்கிக் கருவிகளால் சட்டென்று நீக்கப்பட்டதும், அதனால் அவர்கள் திரும்பி வராமல் போனதும் முக்கியக் காரணம் என்று அது காட்டியது. தரத்தைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. என் தொழிலிலும் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் முதல் கேள்வி கேட்டு மைனஸ் வாங்காத எஞ்சினியர் இருந்தால் கை தூக்குங்கள். புதியவர்களுக்கும் பெண்களுக்கும் நாங்கள் இணக்கமான இடமாக இல்லை என்று 2018இல் அந்த நிறுவனமே எழுதி ஒப்புக்கொண்டது.

“தினமும் அதே கேள்வி தம்பி. எத்தன தடவ மடையான் மடையான்னு சொல்றது?” நான் இதைப் பேச ஆரம்பித்ததும் குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான சோர்வு, இல்லையென்று சொல்ல மாட்டேன். இருபது வருடம் ஏரி ஏரியாக அலைந்தவர். கூடு இருக்கும் இடத்தை யாராவது பொதுவில் போட்டால் அவர் கத்துவார், கத்தவும் வேண்டும். மறுநாளே அங்கே கேமராக் கூட்டம் நிற்கும். அந்தக் கறாரில் எனக்குப் புகார் கிடையாது. மடையானுக்கும் அதே குரல் எதற்கு?

“அதான் மெர்லின் ஆப் இருக்கே, போட்டோவ போட்டா பேர் சொல்லிடுமே” என்றார் அடுத்து. இங்கேதான் எங்கள் ஆட்கள் பெரிதாகக் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பேரைச் சொல்ல ஆப் வந்துவிட்டது, இலவசமாக. அப்படியும் ஒருவர் அதை விட்டுவிட்டு நானூறு முகம் தெரியாத ஆட்களிடம் வந்து ‘அண்ணா இது என்ன பறவை’ என்று கேட்கிறார் என்றால், அவர் கேட்பது பேரை மட்டும்தானா? நான் பார்த்ததை நீங்களும் பாருங்கள் என்கிறார். இதைப் பற்றிப் பேச எனக்கு எங்கள் ஊரில் ஆளில்லை என்கிறார். அதற்கு ‘ஆப்பில் பார்’ என்பது, வீட்டுக்கு வந்தவரிடம் ஸ்விக்கியில் ஆர்டர் போட்டுக்கொள் என்பது மாதிரி.

மா. கிருஷ்ணன் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ஒரே பத்தியை எழுதிவந்தார். யானை, சிறுத்தை எல்லாம் வரும், காக்கையும் மைனாவும் அதே அக்கறையோடு வரும். நாற்பத்தாறு வருடம். எங்கள் குழுவில் காக்காய் படம் போட்டால் கொட்டாவி எமோஜி வருகிறது.

நிர்வாகியிடம் போனில் பேசினேன். பொங்கல் வரை போஸ்டரே வேண்டாம் சார் என்றேன். பேசுகிற பதினைந்து பேரில் வாரத்துக்கு இரண்டு பேர் முறை போட்டுக்கொள்வோம். அந்த வாரம் வரும் எந்தக் கேள்விக்கும் அன்றைக்கே பதில், பேரோடு நிறுத்தாமல் ஏன் அது அந்தப் பறவை என்று ஒரு வரி. ‘உங்க ஊர்ல இத என்னன்னு சொல்வீங்க’ என்று திருப்பிக் கேட்பது கட்டாயம். சேர்பவரை அதே மாவட்டத்துக்காரர் ஒருவரோடு கோத்துவிடுவது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது, குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், மொட்டைமாடியே போதும். புதியவரின் முதல் பட்டியல் அங்கிருந்தே வரட்டும், ஏரிக்கு ஐந்து மணிக்கு வந்து நில் என்று முதல் வாரமே சொல்ல வேண்டாம்.

முழுசாகக் கேட்டார். “நல்ல ஐடியாதான் தம்பி. முதல்ல ஐநூறு ஆகட்டும், அப்புறம் பண்ணலாம்.”

அந்த மன்னார்குடிப் பெண்ணைப் பற்றி மனது கேட்கவில்லை. விட்டுப்போன ஒரு பெண்ணுக்கு நானாகத் தனிச்செய்தி அனுப்புவது சரியில்லை என்று, அந்தப் பக்கத்திலேயே இருக்கும் டீச்சர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் குழுவில்தான் இருக்கிறார், பேசாத பெரும்பான்மையில் ஒருவர். அவர் நம்பரைத் தேடிப் பேசிவிட்டு அடுத்த வாரம் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார்.

“நல்லாத்தான் பேசினாங்க சார். பேரு அவங்க மாமியாரே சொல்லிட்டாங்களாம், குருட்டுக் கொக்குன்னு. ஆனா செவப்பு ஏன்னு மாமியாருக்கும் தெரியலயாம். அதனால தினமும் போய்ப் பாத்திருக்காங்க. எந்த வாரம் எவ்ளோ வெளுத்துச்சுன்னு காலண்டர்ல எழுதி வச்சிருக்காங்க. கடைசில நாலுமே பழுப்பா ஆயிடுச்சாம். குரூப்புக்குத் திரும்ப வர்றீங்களான்னு கேட்டேன். எதுக்குங்கன்னு கேட்டாங்க.”