விதைக்கடையில் ஒரு சொல்

வணிகத்தில் நம்பிக்கையைப் பெறும் வழி யாது எனக் கேட்டால், இன்முகம், இன்சொல், விரைந்த பணி எனப் பலரும் அடுக்குவர். அவை வேண்டியவையே. ஆயினும் துணியையோ காய்கறியையோ வாங்குபவர் கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து கொள்கிறார். அங்கே விற்பவரை நம்பவேண்டிய தேவை குறைவு. வாங்கும் நேரத்தில் தரத்தை அறிய இயலாத பொருளில்தான் வணிகரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. விதைநெல் அத்தகைய பொருள்.

காவிரிப் படுகை உழவர் ஒருவர் ஒரு பருவத்தின் உழைப்பையும் செலவையும் விதைமூட்டையை நம்பியே நிலத்தில் இடுகிறார். 1966ஆம் ஆண்டின் விதைகள் சட்டம் அவருக்கு ஓரளவு காப்பளிக்கிறது. சான்று விதையின் மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். நெல்லுக்கு 80 விழுக்காடு முளைப்புத்திறனேனும் வேண்டும் என்பது விதி. ஆனால், அந்த விதை இந்த மாதத்தில் விதைக்கத் தக்கதா என்பதை அட்டை கூறாது. சி.ஆர். 1009 என்னும் நெல் விளைய 150 நாள்களுக்கு மேலாகும். மேட்டூர் அணையோ வழக்கமாகச் சனவரி 28ஆம் நாள் மூடப்படும். ஐப்பசியின் பிற்பகுதியில் அவ்விதையைக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்துவிடும்; பயிர் கதிர்விடும் காலத்தில் நீருக்கு ஏங்கும். “இப்போது இது வேண்டாம் ஐயா, குறைந்த வயதுடைய விதையாகப் பாருங்கள், என்னிடம் இல்லை, பக்கத்துக் கடையில் கிடைக்கும்” என்று சொல்லும் கடைக்காரர் அன்றைய வருவாயை இழக்கிறார். அச்சொல்லின் மதிப்பை உழவர் அறுவடையின்போது அறிவார்.

குறையை விற்பவர் மட்டுமே அறிந்திருந்தால் சந்தை என்னவாகும் என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்து விற்பனையைக் கொண்டு விளக்கினார். நல்லதையும் பழுதானதையும் பிரித்தறிய இயலாதவர் நல்ல வண்டிக்குரிய விலையைத் தர மாட்டார். அவ்விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்போர் சந்தையிலிருந்து விலகுவர். ஒருவர் மறைக்கும் குறை, நேர்மையாக விற்கும் மற்றவரின் பிழைப்பையும் கெடுக்கிறது.

காவிரி கடலொடு கலக்குமிடத்து வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றும்போது, கொள்வதிலும் கொடுப்பதிலும் அவர்கள் அளவு தவறாமையைச் சிறப்பித்துச் சொல்கிறது. இன்றைய வணிகரிடம் அதற்கு மேலும் ஒன்றை எதிர்பார்க்கலாம்: தாம் அறிந்ததை மறையாமை. விதைக்குவியல் எண்ணைக் குறித்துப் பற்றுச்சீட்டைக் கேளாமலே எழுதித் தருபவர், பயிர் பொய்த்தால் தம்மீதே முறையிடுவதற்கான சான்றையும் தம் கையாலேயே தருகிறார். தள்ளுபடி அறிவிப்புகளைவிட இத்தாளுக்கு எடை மிகுதி.

விதையும் உரமும் கடனாகத் தந்து அறுவடைக்குப்பின் பணம் பெறும் வழக்கத்தையும் நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டுவர். அதனை முழுவதும் ஏற்க இயலவில்லை. இக்கடன் பலருக்கும் உதவுகிறது என்பது உண்மையே. ஆனால், பழைய பாக்கிக்கு அஞ்சி வேறு கடைக்குச் செல்லத் தயங்குபவரை வாடிக்கையாளர் என்று எண்ணலாமேயன்றி, நம்பி வருபவர் என்று கொள்ள முடியாது. பாக்கி முழுவதையும் தீர்த்த அடுத்த ஆண்டில், கையில் பணத்தோடு அவர் எந்தக் கடையின் வாயிலில் நிற்கிறார் என்பதையே பார்க்க வேண்டும்.