கப்ளர் பொருந்தவில்லையா? வயரை வெட்டும் முன் ஒரு நிமிடம்!

பதினைந்து வருடம் முடிந்து, எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டப்படும் கார்கள் தமிழ்நாட்டில் இல்லாத ஊரே இல்லை. அந்த வண்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி இது. வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "காயில் போச்சு சார்" என்கிறார். சென்னை என்றால் ஜி.பி. ரோடு, வெளியூர் என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்பேர்ஸ் கடை. புதுக் காயில் வந்துவிடுகிறது. பழசைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், வண்டியிலிருந்து வரும் கப்ளரின் வடிவம் வேறு, காயிலின் வாய் வேறு.

"ஒண்ணும் பிரச்னை இல்ல சார். கட் பண்ணி, முறுக்கி, டேப் அடிச்சிடலாம்."

ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. ஒரே சாவியில் வண்டியும் ஸ்டார்ட் ஆகிறது. வண்டி ஓடுவதால் வேலை சரியாக நடந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து, இரவு பத்து மணிக்குத் திண்டிவனம் தாண்டி குடும்பத்தோடு நின்றுபோகும் வண்டிக்கும் அந்த ஐந்து நிமிட வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏன் பொருந்துவதில்லை?

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரும் நின்றது. பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. வண்டி நின்றுபோன பிறகு அதற்கென்றே பாகம் செய்பவர்கள் குறைவு. கடைக்காரர் தருவது பெரும்பாலும் 'இதுவும் சேரும்' வகைப் பாகம். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, உள்ளே இருப்பது அதேதான், வாய் மட்டும் மாறியிருக்கிறது. இன்னொன்று, உள்ளே இருப்பதே வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கட்டிங் பிளேயரைக் கையில் எடுப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி, இது எந்த விதம் என்பதுதான்.

முதலில் பின்களை எண்ண வேண்டும். இரண்டு பின் உள்ள காயிலுக்குள் சுருள் மட்டுமே இருக்கும். அதில் பாயும் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துவது வெளியே இருக்கும் பாயின்ட், மாட்யூல் அல்லது இசியு. மூன்று, நான்கு பின் உள்ளவற்றில் பெரும்பாலும் அந்த ஸ்விட்ச் வேலையைச் செய்யும் இக்னைட்டரும் காயிலுக்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து அதற்குப் போவது ஒரு சின்ன சிக்னல் மட்டும். சிக்னல் மட்டுமே தரக்கூடிய இசியு வயரை, பல ஆம்பியர் இழுக்கும் வெறும் காயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் போவது இசியு. காயிலின் விலையையும் இசியுவின் விலையையும் விசாரித்தவர்களுக்கு அதன் வலி புரியும். பின் எண்ணிக்கை மாறினால் அது வேறு பாகம். வயரை வெட்டி ஒட்டித் தீர்க்கிற விஷயம் அல்ல.

எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் நிம்மதி கிடையாது. அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, பத்மினியின் மூலம் ஃபியட் 1100. எலக்ட்ரிக்கல் மரபும் அந்தந்த நாட்டோடுதான் வந்தது. பழைய லூகாஸ் காயில்களில் எஸ்டபிள்யூ, சிபி என்று பொறித்திருக்கும். முதலாவது இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து வரும் வயருக்கு, அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சிபி பாயின்ட்டுக்கு. ஜெர்மன் முறையில் அதே இரண்டும் 15, 1 என்ற எண்களாக இருக்கும். 15 என்றால் சாவி போட்டதும் வரும் பிளஸ், 1 என்றால் பாயின்ட்டுக்குப் போகும் மைனஸ். இது தெரியாமல், '1 என்றால் முதல் இணைப்புதானே' என்று சப்ளையை அங்கே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

அப்படி மாறிப் போட்டாலும் வண்டி ஓடும். வம்பே அதில்தான். பிளக்கின் நடு எலக்ட்ரோடுதான் சூடானது. அங்கிருந்து ஸ்பார்க் கிளம்புவது எளிது. துருவம் மாறினால் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். காலைக் குளிரில் ஸ்டார்ட்டிங் டிரபிள், மேட்டில் ஏறும்போது திணறல் என்று மெல்லத் தலைகாட்டும். வண்டிக்காரர் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழுவுவார். காயிலைத்தான் புதுசாகப் போட்டாச்சே என்று அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாடிக்கு இணைக்கப்பட்டது பேட்டரியின் பிளஸ் முனை. அந்தக் காலத்து வண்டியை மைனஸ் எர்த்துக்கு மாற்றியிருந்தால், எஸ்டபிள்யூ, சிபி எழுத்தை நம்பவே கூடாது. இரண்டையும் இடம் மாற்றித்தான் போட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு வயர் பிக்கப்பிலும் இதே கதைதான். வயர் இடம் மாறினால் எஞ்சின் நிற்காது. ஸ்பார்க் விழும் நேரம் தப்பும். ஹால் சென்சார் வகை என்றால் அந்தச் சலுகையும் கிடையாது. பிளஸ்ஸும் எர்த்தும் மாறினால் பெரும்பாலும் சாவி போட்ட அந்த நொடியே முடிந்துவிடும்.

மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சாதாரண 12 வோல்ட் காயிலின் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 ஓம். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்யும் காயில் என்றால் சுமார் 1.5 ஓம். உருளை வடிவம், போல்ட் இடைவெளி, லக் எல்லாம் ஒன்றே. ஆனால் பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். பாயின்ட் தீய்ந்துபோகும், காயில் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். பொருந்தாத கப்ளராவது ஆளை நிறுத்தி யோசிக்க வைக்கும். அழகாகப் பொருந்திவிடுகிற தப்பான பாகம் அதைக்கூடச் செய்யாது.

முறுக்கிய ஜாயின்ட் என்ன செய்யும்?

இனி, உள்ளே அதே பாகம்தான், வாய் மட்டும் வேறு என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முறுக்கி டேப் சுற்றுவது வைத்தியம் ஆகாது. முறுக்கிய இடத்தில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தால், 3 ஓம் காயிலுக்குப் போகும் மின்சாரம் 4 ஆம்பியரிலிருந்து சுமார் 3.4 ஆகக் குறையும். ஸ்பார்க் பலவீனமாவது ஒரு பக்கம். அந்த ஜாயின்ட்டிலேயே கிட்டத்தட்ட 6 வாட் சூடு கிளம்பும். பார்க்கிங் லைட் பல்பு ஒன்றே 5 வாட்தான். பெட்ரோல் ஹோஸ் ஓடுகிற பானெட்டுக்குள், பசை உருகி நழுவும் டேப்புக்கு அடியில் அது நாள் முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

முறையான வழி ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. கப்ளருக்குள் ஒவ்வொரு டெர்மினலையும் ஒரு சின்ன நாக்கு பிடித்திருக்கும். மெல்லிய ஊசிபோன்ற கருவியால் அதை அமுக்கினால் வயரோடு டெர்மினல் பின்பக்கம் வந்துவிடும். பழைய டெர்மினல் புதிய கூட்டுக்கு ஒத்துவந்தால் வயரை வெட்டவே வேண்டாம். ஒத்துவராவிட்டால், புதுக் காயிலுக்கு ஏற்ற கப்ளரை அரை அடி வயரோடு வாங்கி இணைக்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து வயரோடு வெட்டி எடுத்தவையே கிடைக்கும். லாக் உடையாமல், டெர்மினலில் பச்சை பூக்காமல் இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது வாங்குகிறவர் பொறுப்பு. இணைப்பை அதற்குரிய ஸ்லீவ் வைத்து, கிரிம்பிங் டூலால் நெருக்க வேண்டும். வெறும் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் அல்ல. மேலே உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். சால்டர் வைத்தால் இன்னும் பலம் என்று சிலர் சொல்வார்கள். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், எஞ்சின் அதிர்வில் அதன் விளிம்பிலேயே வயர் முறியும் என்பதால் காரில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இதை எலக்ட்ரீஷியன்கள் தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு நன்றாகவே தெரியும். டெர்மினலைக் கழற்றி மாட்டினால் அரை மணி நேரம் ஆகும். அதற்குத் தனியாகக் கூலி கேட்டால், "ஒரு வயரை மாட்டுறதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுபவர்கள் நாம்தான். இன்னொரு பங்கு பாகம் செய்பவர்களுடையது. வாயின் வடிவத்தை மாற்றி விற்கிற நிறுவனம், பழைய வண்டிக்கு ஏற்ற இணைப்பு வயரையும் எந்த வயர் எந்தப் பின்னுக்கு என்ற படத்தையும் அதே பெட்டிக்குள் வைக்கலாம். சில நிறுவனங்கள் வைக்கவும் செய்கின்றன. மற்றவர்களிடம் அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் கடைக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வர வேண்டும். காயிலின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் துண்டு வயர் ஒரு செலவே அல்ல.

ஏற்கெனவே இப்படி வெட்டி ஒட்டிய வண்டி வைத்திருப்பவர்கள், பாயின்ட் வகை இக்னிஷன் என்றால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைக் காயிலின் பிளஸ்ஸிலும் வைத்து, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியை ஆன் செய்ய வேண்டும். பேலஸ்ட் இல்லாத வண்டியில் அரை வோல்டுக்கு மேல் காட்டினால், வழியில் எங்கோ மின்சாரம் சூடாக வீணாகிறது. பேலஸ்ட் உள்ள வண்டியில் பேட்டரி வோல்டேஜில் பாதி வரை காட்டுவது இயல்பு. பாயின்ட் மூடிய நிலையில் சாவியை ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனில் விட வேண்டாம், காயில் சூடாகும். பிறகு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்த பின் அந்த ஜாயின்ட்டையும் அதன் பக்கத்து வயரையும் தொட்டுப் பார்க்கலாம். பக்கத்து வயரைவிட ஜாயின்ட் சூடாக இருந்தால், டேப்பைப் பிரித்துவிட வேண்டியதுதான்.