பதினொன்றைத் திருடியவர்கள்

சென்னை தரமணியில் சி.பி.டி. (சென்ட்ரல் பாலிடெக்னிக்) வளாகத்தைக் காலாற நடந்தே சுற்றி வந்துவிடலாம். 1916-இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கிப் பின்னாளில் இங்கே குடிவந்த மத்திய பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. அச்சு, நெசவு, வேதித் தொழில்நுட்பங்களுக்குத் தனித்தனிப் பயிலகங்கள் இருக்கின்றன. தமிழாசிரியர்களுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று ‘இழவு வாரம்’ அறிவித்துப் போராடிய டாக்டர் தருமாம்பாள் பெயரில் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, 1962-இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம். தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கே பயிற்சி தருவதற்கென்று 1964-இல் ஏற்பட்ட தேசிய நிறுவனமும் இங்கேதான். மதில் ஓரமாகப் போனால் ஐ.ஐ.டி.யின் தரமணி வாயில். கணக்கைக் கற்பவர், கற்பிப்பவர், கற்பிப்பவருக்குக் கற்பிப்பவர், புதுக் கணக்கையே கண்டுபிடிப்பவர் என்று எல்லோரும் ஒரே பேட்டையில் இருக்கிறார்கள். இதே பேட்டையைத் தாண்டித்தான் தினமும் காலையில் கல்லூரிப் பேருந்துகள் ராஜீவ் காந்தி சாலையில் தெற்கே போகின்றன. அவற்றில் உட்கார்ந்திருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளில் பலர் முதலில் இடறி விழும் பாடமும் கணக்குதான்.

ஆடி ஆவணியில் கல்லூரி அரங்குகளில் அறிவுரைக் காலம் களைகட்டிவிடுகிறது. கைப்பேசியைக் குறையுங்கள், வருகைப்பதிவை 75 விழுக்காட்டுக்குக் கீழே விடாதீர்கள், நல்ல நண்பர்களோடு சேருங்கள், பெரிதாகக் கனவு காணுங்கள். பொன்னாடையும் நினைவுப்பரிசும் கைமாறுகின்றன. சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையில் ஒரு வருடப் படிப்பு குறைகிறது என்பதை மட்டும் மேடையில் இருப்பவர் யாரும் சொல்வதில்லை. குறைகிற வருடம் பதினோராம் வகுப்பு.

தமிழ்நாட்டில் இது ஊரறிந்த ரகசியம். மதிப்பெண்ணையே சரக்காக விற்கும் தனியார் பள்ளிகள் பல, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிடுகின்றன. இரண்டு வருடமும் அதே புத்தகம், அதே கேள்விகள், காலையில் ஒரு தேர்வு, இரவில் ஒரு தேர்வு. ‘பிராய்லர் பள்ளி’ என்று மக்களே பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டு அங்கேயே போய் வரிசையிலும் நின்றார்கள். காரணம் எளியது. பொறியியல் சேர்க்கைக்குக் கட்ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அத்தனையும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலிருந்து எடுக்கப்படுவது. பதினொன்றுக்கு அதில் அரை மதிப்பெண்ணும் கிடையாது. மதிப்பெண் தராத பாடத்தை எதற்கு நடத்துவானேன் என்று பள்ளி முதலாளிகள் கணக்குப் போட்டார்கள்.

என்ன தொலைகிறது என்பது புத்தகத்தைப் பிரித்தால்தான் தெரியும். எல்லை, தொடர்ச்சித் தன்மை, வகையிடல், தொகையிடல் எல்லாம் நம் பாடத்திட்டத்தில் முதன்முதலாக வருவது பதினோராம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியில். பன்னிரண்டில் வருவது அவற்றின் பயன்பாடுகள். மாவே ஆட்டாத வீட்டில் தோசை ஊற்றும் பயிற்சி இரண்டு வருடம் நடக்கிறது. இயற்பியலில் நிலைமை இன்னும் மோசம். வெக்டர், நியூட்டன் விதிகள், வேலையும் ஆற்றலும், ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவுகள் அத்தனையும் பதினொன்றில் அடங்கிவிடுகின்றன. சிவில், மெக்கானிக்கல் படிக்கப் போகிற பிள்ளை நான்கு வருடமும் நிற்க வேண்டிய தரை அதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் பருவக் கணிதத் தாளின் பெயர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. பதினொன்றின் இரண்டாம் தொகுதி தெரியும் என்று நம்பித்தான் பேராசிரியர் கரும்பலகை பக்கம் திரும்புகிறார். 190-க்கு மேல் கட்ஆஃப் வாங்கி வந்த பிள்ளை அங்கே வாழ்க்கையில் முதல் முறையாகத் தோற்கிறது. தோற்றதும் ‘எனக்கு மூளை போதாது போல’ என்று தன்னையே சந்தேகப்படுகிறது. பள்ளியைச் சந்தேகிக்க அதற்குத் தோன்றுவதே இல்லை. அதன் படம்தான் பள்ளி வாசல் பதாகையில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறதே.

நம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு வருடப் பாடத்தை நடத்தாமல் விடுவது திருட்டு. பாடவேளை அட்டவணையில் பதினொன்று என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டை நடத்துவது பொய்க்கணக்கு. பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னால் ஜெயிக்கலாம் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு நடத்திக் காட்டுவது மூன்றாவது குற்றம். மூன்றில் அதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது. கால்குலஸை எந்த வயதிலும் படித்துக்கொள்ளலாம்.

பெற்றோரையும் விட்டுவிட முடியாது. சேர்க்கையின்போது, ‘சார், லெவன்த்லயே டுவெல்த் போர்ஷன் ஆரம்பிச்சிடுவீங்கல்ல?’ என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டியவர்கள் அவர்கள். தாங்கள் கல்லூரி வாசல் மிதிக்காத பெற்றோரை மன்னிக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வழியைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருந்துகொண்டு, தாங்களே பொறியியல் படித்து அந்த முதல் பருவத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அரசுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தனியார் பள்ளிகள் பதினொன்றை நடத்துவதில்லை, கல்லூரிக்குப் போன பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று சொல்லித்தான் 2017-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். 1200 மதிப்பெண் 600 ஆனது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்தார்கள். தேர்வு இருந்தது, அதற்கு மதிப்பு இல்லை. கொரோனாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தான 2021-இல் மட்டும் பதினொன்றுக்கு 20 விழுக்காடு கிடைத்தது; அந்த வகுப்புக்கு ஒரு மரியாதை வருவதற்குப் பெருந்தொற்றே வர வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையே எடுத்துவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பாரம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் 2017-இல் எந்த நோய்க்கு அந்த மருந்து கொடுத்தார்களோ அந்த நோய் குணமாகிவிட்டதா என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பள்ளி அளவில் தேர்வு நடக்குமாம். பாடத்தையே நடத்தாத பள்ளி அதற்குக் கேள்வித்தாள் தயாரித்து, தானே திருத்தி, தானே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும்.

சி.பி.டி. வளாகத்துப் பிள்ளையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து நேரே டிப்ளமோவுக்கு வருகிற பதினைந்து வயதுப் பிள்ளையை, ‘மார்க் வரல, அதான் பாலிடெக்னிக்’ என்று சொந்தக்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை முதலாண்டில் எந்தப் பொறியியல் பிரிவானாலும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் ஆங்கிலமும் படிக்கிறது, பணிமனையில் அரம் பிடிக்கிறது. பெரிய பள்ளிகள் தாண்டிக் குதித்த வருடத்தை அது உட்கார்ந்து படித்துக் கடக்கிறது. டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும்போது அதற்கும் ஒரு பள்ளம் உண்டு: மற்றவர்கள் இரண்டு பருவக் கணக்கு முடித்து வந்திருக்கும் வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தைப் பற்றி சீனியர்கள் முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். அரசுப் பள்ளியிலிருந்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளையையும் சேர்த்துச் சொல்கிறோம். 2021 முதல் தொழிற்கல்விக்கும் வந்த அந்த ஒதுக்கீட்டைக் காட்டி, ‘கோட்டாவில் வந்தவன்’ என்று வகுப்பில் கிசுகிசுக்கிறவர்கள் உண்டு. பதினொன்றைப் படிக்காமலே பன்னிரண்டில் மதிப்பெண் வாங்கியவருக்கு, இன்னொருவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று கேட்கும் யோக்கியதை கிடையாது.

கல்லூரிகளோ இன்னொரு விதம். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2017-இல் வகுத்துக் கொடுத்தது. பின்தங்கிய பாடங்களில் கைதூக்கிவிடும் வகுப்புகளும் அந்தத் திட்டத்தில் உண்டு. பல கல்லூரிகளில் அது என்னவாக நடக்கிறது என்று அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்: தன்னம்பிக்கைப் பேச்சாளர், யோகா, ஒரு குழு நடனம், நான்காம் நாள் நேரே முதல் யூனிட். யார் எதைப் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று அரை மணி நேரத் தேர்வு வைத்துப் பார்ப்பதற்குக்கூட நேரம் இல்லை. முதல் பருவ முடிவு வந்ததும், ‘இந்த பேட்ச் சரியில்லை’ என்று துறைக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ள மட்டும் நேரம் கிடைக்கிறது.

தம்பி, தங்கைகளுக்கு இனி. உங்களை ஏமாற்றினார்கள் என்று சொன்னதால் நீங்கள் தப்பித்தீர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வகுப்பில் எந்தப் புத்தகம் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்போது வசதியாகத்தான் இருந்தது. தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை கிடைக்கும் மாதங்களில் பதினோராம் வகுப்புக் கணிதத்தையும் இயற்பியலையும் முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். கல்லூரி திறந்துவிட்டதா, அப்போதும் படியுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பாடநூல் கழகப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், வகுப்பில் காதில் விழும் ஆங்கிலச் சொல் பாதி பழகிவிடும். தரமணியில் பறக்கும் ரயில் ஏறினால் நான்காவது நிலையம் கோட்டூர்புரம். அங்கே 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் யாரும் உங்கள் கட்ஆஃப் கேட்க மாட்டார்கள். சந்தேகத்தை வகுப்பில் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்க வராது என்று வாயை மூடிக்கொள்கிற முதல் மாதத்துக்கான விலையை நான்கு வருடம் கட்ட வேண்டிவரும்.

அரியர் இல்லாதவன் அரை மனிதன் என்று சீனியர்கள் சொல்லும் வேடிக்கையை வேடிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வுகளெல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்தபோது அன்றைய முதலமைச்சரைப் புகழ்ந்து மாணவர்கள் சுவரொட்டி அடித்தார்கள். தேர்வே இல்லாமல் பாஸ் போடுவதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒட்டியவர்கள் பிறகு தேர்வெழுதத்தான் வேண்டியிருந்தது.

சீனியர்கள் இழுத்துப் போகும் இன்னொரு வழி உண்டு: பேருந்துத் தடத்துக்கு ஒரு தலைவன் என்கிற ‘ரூட்டு தல’, பேருந்தில் கூத்தடிக்கும் ‘பஸ் டே’, கல்லூரிக்குக் கல்லூரி பகை. அதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் வேறு கல்லூரி மாணவர்கள் தாக்கியதில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தலைவன் என்று ஒருவன் பின்னால் பேருந்தில் தாளம் போட்டுக்கொண்டு போகிற முதலாண்டு மாணவன், அந்த ஊர்வலம் எங்கே போய் முடியும் என்று தெரியாதவன் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

மறுபடியும் தரமணிக்கு வருவோம். முதல் பருவம் தொடங்கும் மாதத்தில், இந்தப் பேட்டையில் இருக்கும் அரசு நிறுவனங்கள் சேர்ந்து மூன்று வாரம், மாலை நேரத்தில், எந்தக் கல்லூரிப் பிள்ளையானாலும் வந்து உட்காரலாம் என்று பதினோராம் வகுப்புக் கணிதத்தைத் தமிழில் நடத்தட்டும். இடம் இருக்கிறது, கற்பிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ரயிலும் பேருந்தும் வாசலில் நிற்கின்றன. அனுமதிக் கடிதம் மட்டும்தான் யாரோ எழுத வேண்டும். பள்ளிக் கல்வித் துறைக்கு அதைவிடச் சிறிய வேலை ஒன்று. முதன்மைக் கல்வி அலுவலர்கள் செப்டம்பரில் ஒரு நாள், முன்கூட்டித் தகவல் சொல்லாமல், தனியார் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு அறைக்குள் நுழைந்து, மேசை மேல் எந்த வகுப்புப் புத்தகம் திறந்திருக்கிறது என்று பார்க்கட்டும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் திறந்திருந்தால் அந்தப் பள்ளியின் அங்கீகாரக் கோப்பில் அன்றைய தேதி போட்டு எழுதி வைக்கட்டும்.